தாரணியின் கடுதாசிகள்

எங்கண்ணனப் பத்தி நீங்க ஆருகிட்ட வேண்ணாலும் கேட்டுக்குங்க மேடம். எதிர்த்த ஊட்டுல கேளுங்க, பால் சொசைட்டில கேளுங்க. எம்புள்ளகிட்ட மட்டும் கேக்க வேண்டாமுங்க. எம்புள்ளன்னா நான் பெத்த புள்ள இல்லீங்க, அண்ணன் மக, தாரணி. ஆறு வயசுல இருந்து நாந்தான் வளத்தறேன். இப்ப ஈரோட்டுல நர்சிங் படிக்கறா. காலேஜ் பஸ்ஸு நாலே முக்காலுக்கு இந்த முக்குல வந்து நிக்கும். அதுக்குள்ளார கேக்க வேண்டியத எல்லாம் என்கிட்டயே கேட்டு எழுதிக்கிட்டுப் போயிருங்க. இப்ப மணி என்னங்க? மூணரையா. சரி, நேரம் கெடக்குது. டீ வெக்கட்டுங்களா? வேண்டாமுங்களா. தண்ணியாச்சும் குடியுங்க, வெயில்ல வந்திருக்கீங்க.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியுமுங்க. ஜெயில்ல இருந்து அண்ணன முன்கூட்டியே விடறதுக்கு ரோசனை பண்றாங்க, ஊட்டுல சேத்திக்குவாங்களான்னு விசாரிக்க வந்திருக்கீங்க. அண்ணனே சொல்லுச்சு, ஒரு மேடம் வருவாங்க, நல்லபடியாப் பேசுன்னு. நல்லபடியாத்தானுங்க பேசறேன். பதிமூணு வருசத்துல அங்க ஒரு சண்டை கெடையாது, ஒரு புகார் கெடையாது. பெரிய ஆபீசரு கூட நல்லசிவம், நல்லசிவம்னு பேர் சொல்லித்தான் கூப்பிடுவாராமா. தங்கமான மனுசனுங்க. கோவம்னு வந்தா மட்டுந்தான் கொஞ்சம்... அதுவும் ஒருக்காத்தானுங்களே. கோவம் வராத ஆம்பள ஆருங்க இருக்காங்க?

என்னைய எடுத்துக்குங்க. எனக்குக் கட்டிக்குடுத்த எடம் சரியில்ல. ரெண்டே வருசத்துல ஒரு துணிப்பையோட இங்க வந்து நின்னேன். எதுக்கு வந்தேன்னு ஒரு வார்த்த கேக்கலீங்க எங்கண்ணன். உள்ள போய் சோறு திங்கச் சொல்லுச்சு. அன்னையில இருந்து அது போட்ட சோறுதான். இந்த ஊடும் அதோட ஊடுதான். அத மறந்தா நான் மனுசியா?

அதனாலதான் ஒரு மனு தவறுனதில்ல. எங்களாட்டம் இருக்கறவீங்களுக்கு அங்க போய்ப் பாக்கறதுக்குப் பேரே மனு பாக்கறதுதானுங்க. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா, வியாழக்கிழமை. வெடியால கெளம்பி ரெண்டு பஸ்ஸு மாறிப் போயி, மனு எழுதிக் குடுத்து, பேர் கூப்பிடற வரைக்கும் புளிய மரத்தடியில உக்காந்திருப்பேன். சோப்பு, பிஸ்கோத்து, ஒரு சீப்புப் பழம். கொரோனா சமயத்துல யாரையும் உள்ள விடல, அப்ப மட்டுந்தான் போகல. உள்ள போனா ரெண்டு கம்பி வலை, நடுவுல ஒரு முழம் எடம். இந்தப் பக்கம் முப்பது பேரு, அந்தப் பக்கம் முப்பது பேரு, எல்லாரும் ஒரே கத்து. எங்கண்ணன் மட்டும் கத்தாதுங்க. மெதுவாத்தான் பேசும். நாந்தான் காத வலையில ஒட்டவெச்சுக் கேக்கோணும்.

என்ன கேக்குமா? ஊட்டுச் சங்கதிதானுங்க. புள்ள எத்தனை மணிக்குப் போறா, எத்தனை மணிக்கு வர்றா, போன் வாங்கிக் குடுத்தியா, எதுக்கு வாங்கிக் குடுத்தே, தலைமுடிய வெட்டியிருக்காளா, சுடிதாருக்குத் துப்பட்டா போடறாளா. அவ்வளவு அக்கறைங்க. வெளிய இருக்கற அப்பனே இத்தனை கேக்க மாட்டான். நானும் எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொல்லீருவேன்.

அது என்ன வண்டிச் சத்தம்? இருங்க, பாத்துட்டு வர்றேன்... ஒண்ணுமில்லீங்க, பால்காரரு. நான் புள்ளதான் வந்துட்டாளோன்னு பயந்துட்டேன். சில நாளு காலேஜ சீக்கிரமே விட்டுருவாங்க.

ரேவதி சங்கதியா? அதுதான் உங்க பைல்லயே இருக்குமுங்களே. சரி, கேக்கறீங்க. ரேவதி எங்கண்ணன் சம்சாரம், தாரணியோட அம்மா. அவ மேலயும் தப்பு இருக்குதுங்க, செத்தவள நான் குறை சொல்லக் கூடாது. அன்னைக்கு அண்ணன்கிட்டச் சொல்லாம அவங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டா. அண்ணன் மில்லுல இருந்து வந்து எங்கன்னு கேட்டுச்சு. நான் சொன்னேன். எந்த பஸ்ஸுல வர்றேன்னு சொன்னான்னு கேட்டுச்சு. ரெண்டு மணி பஸ்ஸுன்னு சொன்னேன். கேட்டா சொல்லித்தானுங்களே ஆகோணும்? அவ நாலு மணி பஸ்ஸுலதான் வந்தா. அது வரைக்கும் அண்ணன் இப்ப நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்திருந்துச்சு. கத்தல, திட்டல. எந்த பஸ்ஸுன்னு சொன்னா, எந்த பஸ்ஸுன்னு சொன்னான்னு என்னைய நாலு தடவ மெதுவாக் கேட்டுச்சு. அப்புறம் அவ வந்தா. சமையக்கட்டுக்குள்ள போனா. அவ்வளவுதானுங்க. அதுக்கு மேல நான் கோர்ட்டுலயும் சொல்லல.

புள்ள எங்க இருந்தாளா? இங்கதானுங்க. அந்தச் சமையக்கட்டு வாசக்கால்கிட்ட நின்னுட்டிருந்தா.

எட்டு மாசம் அவ பேசலீங்க. எந்த டாக்டருகிட்டக் காட்டியும் ஒண்ணும் நடக்கல. அப்புறம் ஒரு நாளு எந்திரிச்சு, அத்த, பசிக்குதுன்னா. அன்னைக்கு நான் அழுத அழுகை இந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். ஆனா அப்பனப் பத்தி இது வரைக்கும் ஒரு வார்த்த பேசுனதில்ல. நான் மனுவுக்குப் போற அன்னைக்கு எங்க போறேன்னு கேக்க மாட்டா. திரும்பி வந்தா எப்படி இருக்காங்கன்னும் கேக்க மாட்டா. ரூமுக்குள்ள போனா தாழ்ப்பாளப் போட்டுக்குவா. பகல்லயும் போட்டுக்குவா. ஊட்டுல நானும் நீயுந்தானே கண்ணு, எதுக்கு தாழ்ப்பாள்னு கேப்பேன். சும்மாத்தான்னுவா.

பாசமா? பாசம் இல்லாம இருக்குமுங்களா, பெத்த அப்பன். வெளிய காட்டிக்க மாட்டா, அவ்வளவுதான். அதென்னுங்க மேடம், பைக்குள்ள இருந்து எடுக்கறீங்க? அந்தக் கட்டு?

ஐயோ. அண்ணன் அத்தனையும் வெச்சிருந்துச்சுங்களா? கிழிச்சுப் போட்டிருக்கும்னு நெனச்சேன். அது... ஆமாங்க, தாரணி எழுதுனதுதான். மாசம் ஒண்ணு எழுதுவா. நூத்தி நாப்பத்தெட்டா? எண்ணியே வெச்சிருக்காங்களா? அப்பனுக்கு அவ மேல உசுரு, அவளுக்கு அப்பன் மேல உசுரு. படிச்சீங்களா? எல்லாத்தையுமா?

இல்லீங்க மேடம். அவகிட்ட எதுக்குங்க கேக்கோணும்? கடுதாசியிலயே எல்லாம் இருக்குதுங்களே. பதினெட்டு தாண்டுன புள்ள சொன்னாத்தான் செல்லும்னு சட்டமா? இவ்வளவு ஆசையா எழுதுன புள்ள, நேர்ல ஒரு வார்த்த சொல்லட்டும்னா... மணி என்னாச்சுங்க? நாலா?

இருங்க. கதவச் சாத்திட்டு வர்றேன்.

மேடம், நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. போலீசு கீலீசுன்னு போகக் கூடாது. அந்தக் கடுதாசியில ஒண்ணு கூடப் புள்ள எழுதலீங்க. எல்லாம் நான் எழுதுனது.

நெசமாத்தானுங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. ஆரம்பத்துல மனுவுக்குப் போனா அண்ணன் ஒரே கேள்விதான் கேக்கும், புள்ள என்ன சொல்றா. என்னத்தச் சொல்றது? புள்ள பேச்சே இல்லாம கெடக்கறா. ஒண்ணும் சொல்லலைன்னு சொன்னேன். அடுத்த மனுவுக்குப் போனப்ப அண்ணன் பாதியாயிருச்சு. சோறு எடுக்கறதில்லைம்மா, செவுத்துல தலைய முட்டுது, இப்படியே போனா பொணத்தத்தான் நீ வாங்கிட்டுப் போகோணும்னு அங்க ஒரு வார்டர் சொன்னாரு. என் அண்ணன் செத்துப்போனா எனக்கு ஆருங்க இருக்காங்க? ஊட்டுக்கு வந்து, இடது கையில பேனாவப் புடிச்சு எழுதுனேன். அப்பா, நான் நல்லா இருக்கேன், நீங்க சாப்பிடுங்க, தாரணி. இடது கையில எழுதுனா எழுத்து கோணக்கோணையா, ஏழு வயசுப் புள்ள எழுதுன மாதிரியே இருந்துச்சு.

அண்ணன் சாப்பிட ஆரம்பிச்சிருச்சுங்க. அது போதாதா? ஒரு உசுரு பொழச்சுது. அதுக்கப்புறம் நிறுத்த முடியுமா? நிறுத்துனா ஏன் எழுதலைன்னு கேக்கும். மாசாமாசம் எழுதுனேன். அவ மூணாவது போனப்ப அவ நோட்டப் பாத்து அதே மாதிரிக் கொஞ்சம் திருத்தி எழுதுனேன். அஞ்சாவதுல இருந்து வலது கைக்கு மாத்திக்கிட்டேன். அவ ‘ழ’னா போடற மாதிரியே போடுவேன். அவ மார்க்கு, அவளுக்கு வந்த காய்ச்சல், அவ போன டூரு, எல்லாம் எழுதுவேன். நெசமா நடந்ததத்தான் எழுதுவேன். பாசத்த மட்டுந்தான் நான் போட்டேன். அதுல என்ன தப்புங்க? எனக்கே சில கடுதாசி எழுதி முடிச்சா அழுகை வந்துரும், அவ்வளவு நல்லா இருக்கும்.

பதில் வரும். அங்க முத்திரை குத்தி வரும். போஸ்ட்மேன்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன், என் கையிலதான் குடுப்பாரு. படிச்சுட்டு வெந்நி அடுப்புல போட்டுருவேன். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஒண்ணே ஒண்ணு கூடத் தெரியாது.

பயமா? நான் எதுக்குங்க அண்ணனப் பாத்துப் பயப்படறேன்? கூடப் பொறந்தது. இது பயமில்லீங்க, மரியாதை. வேர்க்குதுங்களா எனக்கு? வெயிலுக்கு வேர்க்கத்தான் செய்யும். ஓட்டு ஊடு.

சரி, சொல்லீரறேன். மார்கழியில ஒரு நாளு நல்ல மழை. காலேஜ் பஸ்ஸு ரிப்பேரு. கூடப் படிக்கற பையன் ஒருத்தன் வண்டில கொண்டாந்து முக்குல எறக்கி விட்டுட்டுப் போனான். தங்கமான பையனுங்க. புள்ள நனைஞ்சு வந்து, அத்த, கோகுல் இல்லைன்னா இன்னைக்கு அவ்வளவுதான்னு சிரிச்சா. அவ சிரிச்சு நான் பாத்தது எத்தனை நாளைக்கப்புறம்னு நெனைக்கறீங்க. அந்த மாசம் கடுதாசிக்கு எழுத ஒண்ணுமே இல்ல. ரெண்டு பக்கம் நெரப்போணுமே. அதையும் எழுதீட்டேன். மழை பேஞ்சுது அப்பா, கூடப் படிக்கற பையன் கொண்டாந்து விட்டான்னு. பேரெல்லாம் போடலீங்க.

அடுத்த மனுவுக்குப் போறேன். அண்ணன் சிரிச்ச மொகமா நிக்குது. பழம் வாங்கிக்கிச்சு. அப்புறம் மெதுவாக் கேட்டுச்சு, எந்தப் பையன்னு. கூடப் படிக்கறவன்னேன். எந்தப் பையன்னு மறுபடியும். எந்த ஊருன்னு. எத்தனை மணிக்குக் கொண்டாந்து விட்டான்னு. மறுபடியும் எந்தப் பையன்னு. சுத்தியும் அத்தனை பேரு கத்தறாங்க, எனக்கு அது கேக்கறது மட்டுந்தான் காதுல விழுகுது. அப்பத்தானுங்க மேடம் எனக்கு, அந்த நாலு மணி பஸ்ஸு நாளு நெனப்பு வந்துச்சு. அன்னைக்கும் இதே கொரல்தான். இதே மாதிரி மெதுவா. வலையப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

இனி நான் வந்து பாத்துக்கறேன், அவகிட்ட ஒண்ணும் கேக்காதேன்னு சொல்லுச்சு. அவ்வளவுதான் சொல்லுச்சு.

ஊட்டுக்கு வந்து நாலு நாளு எனக்குச் சோறு எறங்கல. அண்ணனோட மனசக் குளிர வெச்சாப் போதும்னு தோணுச்சு. தை மாசக் கடுதாசிய அதுக்குன்னே எழுதுனேன். நூத்தி நாப்பத்தெட்டுல அதுதானுங்க ரொம்ப நல்லா எழுதுனது. அப்பா, எனக்கு வேற ஆரும் வேண்டாம், நீங்க வந்தாப் போதும், உங்க கையால ஒரு வாய் சோறு திங்கோணும்னு. ஆமாங்க, அதுதான். கட்டுக்கு மேலயே இருக்குதே. அதப் படிச்சுட்டுத்தானா பெரிய ஆபீசரு கண்ணத் தொடச்சுக்கிட்டாரு? அதனாலதான் பைலு இவ்வளவு வேகமா வந்திருக்குதா?

அண்ணன் கோவத்தத் தணிக்கறதுக்கு எழுதுனேன் மேடம். கூட்டிக்கிட்டு வர்றதுக்கு எழுதல.

என்ன கேட்டீங்க? பேரா? சொல்லலீங்க. கடுதாசியில பேரு இல்லீங்களே, நீங்களே பாத்தீங்க. அப்புறம் மனுவுலயா? மனுவுல அது கேட்டப்ப... அப்படிப் பாக்காதீங்க மேடம். சொல்லீட்டேன். கோகுல்னு சொல்லீட்டேன். பவானில அவங்கப்பன் மருந்துக்கடை வெச்சிருக்கறதயும் சொல்லீட்டேன். அது கேட்டா என் வாயி தானாச் சொல்லீருது. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். சொல்லாம இருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியுமுங்க. சொன்னா அடுத்தவீங்களுக்கு என்ன ஆகும்னுதான் நான் பாக்கல.

ரெண்டு மணி பஸ்ஸுன்னு ரேவதி சொல்லவே இல்லீங்க. எந்த பஸ்ஸுன்னு அவ எதுவும் சொல்லீட்டுப் போகல. அண்ணன் கேட்டுச்சு, நான் ஏதாச்சும் ஒண்ணு சொல்லோணுமேன்னு சொன்னேன்.

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறனுங்க.

எழுதிக்குங்க மேடம். சேத்திக்க முடியாதுன்னு எழுதுங்க. காரணமா? காரணம், ஊடு சிறுசுன்னு போட்டுக்கலாமுங்களா? இல்ல, எனக்குச் சக்கரை இருக்குது, பாத்துக்க ஆளில்லைன்னு? அதெல்லாம் பத்தாதா? அப்படீன்னா பயம்னு எழுதுங்க. புள்ளைக்கில்ல, அவ பேர எங்கயும் போடாதீங்க, இது வரைக்கும் போட்டது போதும். எனக்குப் பயம். தங்கச்சி வசந்தாமணிக்குப் பயம், அவ ஆகாதுன்னு சொல்லீட்டான்னு எழுதுங்க. எங்க, குடுங்க, கையெழுத்துப் போடறேன். கோணக்கோணையா விழுகுதுங்க. பரவால்ல, இது என் கையெழுத்துத்தானுங்களே, எப்படி இருந்தாலும் செல்லும்.

அண்ணனுக்குத் தெரிய வருமுங்களா? வருமா. வர்ற வியாழக்கிழமை மனு இருக்குதுங்க. போகாதீங்கன்னு நீங்க சுலபமாச் சொல்லீட்டீங்க. போகலைன்னா அதுக்கு வேற ஆருங்க இருக்காங்க? சோப்பு தீந்திருக்கும். போவேன். வலைக்கு இந்தப் பக்கம் நின்னு, ஆமாண்ணா, நாந்தான் வேண்டாமுன்னேன்னு சொல்லோணும். சொல்லுவனான்னு எனக்கே தெரியலீங்க.

கதவத் தட்டறா. வந்துட்டா. மணி நாலே முக்காலா அதுக்குள்ள? எந்திரிக்காதீங்க, உக்காருங்க. ரேசன் கார்டுக்கு வந்தவீங்கன்னு சொல்லீரலாம்னு இருந்தேன். அப்படித்தான் நெனச்சிருந்தேன்...

வா கண்ணு. செருப்பக் கழட்டு. ஆமா, மேடம் கவர்மெண்டுல இருந்து வந்திருக்காங்க. உங்கப்பன் விசயமா. நில்லு, ரூமுக்குப் போகாதே. தாழ்ப்பாளப் போடாதே சாமி, ஒரு நிமிசம் இப்படி உக்காரு. அப்பன் வரல. வரலைன்னு சொல்றேனல்ல. வேண்டாமுன்னு நான் கையெழுத்துப் போட்டுட்டேன், வேண்ணா மேடத்தக் கேளு. இது வேற. நான் உனக்கு ஒரு காரியம் பண்ணியிருக்கேன். உம்பேர்ல பண்ணியிருக்கேன். மேடம், அந்தக் கட்டப் புள்ள கையில குடுங்க.

மேல இருந்து எடுக்காதே கண்ணு, அடியில இருந்து படி. அடியில இருக்கறதுதான் முதல் கடுதாசி. அப்ப உனக்கு ஏழு வயசு.

மேடம், அவ படிச்சு முடிக்கற வரைக்கும் நீங்க போயராதீங்க.